மலையேறினால் மாறும் சொல்

போடிநாயக்கனூரினின்று மேற்கே புறப்படும் சாலை, கொண்டை ஊசி வளைவுகளில் சுழன்று சுழன்று ஏறிப் போடிமெட்டில் தலையெடுக்கிறது. மெட்டுக்கு இப்பால் தேனி மாவட்டம். அப்பால் இடுக்கி மாவட்டம். விடியுமுன்னே இப்பக்கத்துச் சிற்றூர்களினின்று வண்டியேறி, அப்பக்கத்து ஏலத்தோட்டங்களில் நாளெல்லாம் குனிந்து காய் பறித்து, பொழுது சாய வீடு திரும்பும் தமிழ்ப் பெண்டிர் எண்ணிலர். அவர்தம் கூலி மலைக்கு அப்பால். வீடும் பிள்ளையும் மலைக்கு இப்பால். 1956-இல் மொழிவழி மாநிலம் பிரித்தபோது தமிழர் நிறைந்த தேவிகுளம், பீர்மேட்டு வட்டங்கள் கேரளத்தோடு சேர்க்கப்பட்டதன் விளைவு இது. அந்தப் பழம்புண் ஒருபுறம் கிடக்க. ஈண்டு ஆராயத்தக்கது வேறொன்று. மாந்தரோடு மாந்தராய் அம்மலையேறிச் செல்லும் ஒரு சொல்லின் கதை அது.

அச்சொல் ‘சதுரம்’. போடியில் ஒரு பள்ளிப்பிள்ளையைச் சதுரம் வரையச் சொன்னால், நான்கு பக்கமும் ஒத்து, நான்கு மூலையும் செங்கோணமாய் நிற்கும் வடிவை வரையும். அதே பிள்ளை மெட்டைக் கடந்து மலையாளப் பள்ளியில் போய் அமர்ந்தால், அங்கே ‘சதுரம்’ என்பது வேறு. தமிழ்ப்பிள்ளை செவ்வகம் என அறிந்ததே மலையாளப் பாடநூலில் சதுரம். தமிழ்ப்பிள்ளை சதுரம் என அறிந்தது அங்கே ‘சமசதுரம்’. சொல் ஒன்றே, ஒலி ஒன்றே, ஒரு மலையேறி இறங்குமுன் பொருள் மாறிவிட்டது. எது பிழை? இரண்டும் பிழையல்ல. ஏனெனில் அச்சொல்லுக்குள் பொருளே இல்லை. வடமொழியில் ‘சதுர்’ என்றால் நான்கு. நான்கு என்பதற்கு மேல் அச்சொல் ஏதும் சொல்லவில்லை. பக்கங்கள் ஒக்குமா ஒவ்வாவா, மூலை நேரா சாய்வா என்பவற்றையெல்லாம் சொல்லுக்கு வெளியினின்று கொண்டுவந்து ஒட்டவேண்டியிருக்கிறது. ஒட்டியவன் கைக்கேற்பப் பொருள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் தமிழ்நாட்டிலேயே முன்னாளில் செவ்வகத்தை ‘நீள்சதுரம்’ என்றும், சதுரத்தைச் ‘சமசதுரம்’ என்றும் வழங்கினர்.

இதற்கு எதிரே ‘செவ்வகம்’ என்னும் சொல்லை நிறுத்திப் பார்க்க. செம்மை, அகம் என்னும் இருசொற் கூட்டு அது. செம்மையாவது நேர்மை, செங்கோணம் என்பதிலும், செங்குத்து என்பதிலும், செங்கோல் என்பதிலும் உள்ள அதே செம்மை. உள்மூலை யாவும் செம்மையாய் உள்ள வடிவு செவ்வகம். சொல்லைப் பிரித்தால் வரையறை கிடைக்கிறது. ‘இணைகரம்’ எனின் எதிர்ப்பக்கங்கள் இணையாய்ச் செல்வது. ‘சரிவகம்’ எனின் சரிந்த பக்கமுடையது. இச்சொற்களை ஒரு பிள்ளை நெட்டுருச் செய்ய வேண்டியதில்லை. கேட்ட அளவில் பாதி பாடம் முடிந்துவிடுகிறது.

பெயரில் என்ன இருக்கிறது, எப்பெயரால் அழைப்பினும் வடிவு அதுதானே என்பார் உளர். மற்ற பாடங்களில் இவ்வினா ஓரளவு பொருந்தலாம். வடிவக்கணக்கில், அதிலும் பலகோணங்களை இனங்கண்டு வகைப்படுத்தும் பகுதியில், இவ்வினா எழவே இடமில்லை. அங்கே பெயரிடுதலே பாடம். பக்கங்களை எண்ணுதல், மூலைகளை அளத்தல், எது எதனுள் அடங்கும் எனக் காணுதல், அவ்வடக்கத்துக்கேற்பப் பெயர் சூட்டுதல் ஆகியவையே அப்பாடத்தின் முழுவேலை. பெயர் பிழைத்தால் வகை பிழைக்கும். வகை பிழைத்தால் அறிவு பிழைக்கும்.

இதற்கு ஒரு சான்று காட்டின் போதும். நான்கு பக்கமும் ஒத்து, மூலைகள் செங்கோணமாய் இருக்கவேண்டுமென்னும் கட்டுப்பாடு இல்லாத வடிவுக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கும் பெயர் ‘சாய்சதுரம்’. ஈழத்துப் பள்ளிகளிலும் இப்பெயரே. இப்பெயர் பிள்ளைக்கு என்ன கற்பிக்கிறது? சாய்சதுரம் என்பது சதுரத்தில் ஒருவகை எனக் கற்பிக்கிறது. வெண்டாமரை தாமரையில் ஒருவகையாதல்போல. உண்மையோ முற்றிலும் தலைகீழ்! நான்கு பக்கமும் ஒத்தவற்றுள், மூலைகளும் செங்கோணமாய் அமைந்த ஒருவகையே சதுரம். ஆகவே சதுரமே சாய்சதுரத்துள் அடங்கும். சாய்சதுரம் சதுரத்துள் அடங்காது. பெயர் ஒன்று சொல்ல, கணக்கு வேறொன்று சொல்கிறது. இடையில் நின்று திகைப்பது யார்? பத்து அகவைப் பிள்ளை.

இத்திகைப்பு வகுப்பறையில் நாள்தோறும் கண்கூடு. ஒரு சதுரத்தைத் தாளில் வரைந்து, தாளைச் சற்றே திருப்பி, முனை கீழே வருமாறு காட்டினால், முன்பு சதுரம் என்ற பிள்ளையே இப்போது சாய்சதுரம் என்கிறது. பக்கம் மாறவில்லை, மூலை மாறவில்லை, தாள் மட்டும் திரும்பியது. ‘சாய்’ என்னும் சொல் காதில் விழுந்ததனால், சாய்ந்து நிற்பதெல்லாம் சாய்சதுரம் எனப் பிள்ளை கொள்கிறது. அது பிள்ளையின் மடமை அன்று. பிள்ளை சொல்லை நம்பிற்று. சொல் பிள்ளையை ஏமாற்றிற்று.

இதனைச் செப்பஞ்செய்யத் தமிழால் இயலாதோ? பக்கங்கள் ஒத்த வடிவை ‘ஒப்பகம்’ என்க. மூலைகள் செம்மையானதைச் செவ்வகம் என்பது முன்னரே உண்டு. இரண்டு தன்மையும் ஒருங்கே உடையதைச் ‘செவ்வொப்பகம்’ என்க. இப்போது பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது: செவ்வொப்பகம் ஒரு செவ்வகம், செவ்வொப்பகம் ஓர் ஒப்பகம், ஆனால் செவ்வகம் எல்லாம் ஒப்பகம் அல்ல, ஒப்பகம் எல்லாம் செவ்வகமும் அல்ல. இணைகரத்துள் இரண்டும் அடங்கும். நாற்கரத்துள் இணைகரம் அடங்கும். இச்சொற்களே முடிந்த முடிபென்பதன்று. இவற்றினும் நல்ல சொல்லை ஆக்கவல்லார் ஆக்குக. தமிழில் இயலாது என்னும் சோம்பற்சொல்லை மட்டும் இனி எவரும் எடுத்தல் வேண்டா.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்த்தல் நன்று. வடிவக்கணக்கைக் ‘கேத்திர கணிதம்’ எனவும், ஐங்கோணத்தைப் ‘பஞ்சகோணம்’ எனவும், எண்கோணத்தை ‘அட்டகோணம்’ எனவும் எழுதிய காலம் ஒன்றிருந்தது. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்துக்குக் கால்கொண்ட 1916-ஆம் ஆண்டிலேயே, சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலானோர் அறிவியற்குத் தமிழ்ச்சொல் ஆக்கவென ஒரு கழகம் நிறுவினர். தமிழில் அறிவியல் எழுதவேண்டும் என்பதில் இருசாராரும் ஒன்றுபட்டனர். எத்தமிழில் என்பதிலேதான் வேறுபட்டனர். பின்னர்ச் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938-இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். 1940-இல் அரசு சீனிவாச சாத்திரியார் தலைமையில் குழுவொன்றை அமைத்தபோது, வடசொற்கே அது வாயில் திறக்கும் எனக் கண்ட தமிழறிஞர் எதிர்த்தெழுந்தனர். அவ்வெதிர்ப்பு இல்லையேல் இன்றும் தமிழ்ப்பிள்ளை ‘கேத்திர கணிதம்’ என்றே வாய் குழறிக்கொண்டிருக்கும். முக்கோணம், நாற்கரம், ஐங்கோணம், அறுகோணம், எழுகோணம், எண்கோணம் என இன்று வழங்கும் தெள்ளிய வரிசை, எவரும் இரங்கி ஈந்ததன்று, போராடிப் பெற்றது.

பெற்றதையும் முழுமையாகப் பெற்றதில்லை. எட்டுவரை தமிழில் ஏறிய நா, ஒன்பதாம் படியில் ‘நவகோணம்’ என இடறுகிறது. பத்தாம் படியில் ‘தசகோணம்’ எனக் கால் மடங்கி விழுகிறது. ஒன்பதுகோணம், பதின்கோணம் எனச் சொன்னால் எவர் நாவும் புண்படாது. எட்டைத் தமிழில் எண்ணத் தெரிந்தவனுக்கு ஒன்பதைத் தமிழில் எண்ணத் தெரியாதோ?

‘கோணம்’ மட்டும் தமிழோ என வினவுவார் உளர். கோண், கோணு, கோணல், கோட்டம் எனக் கிளைத்துப் படர்ந்த ஒரு வேரின் கனி அது. ஒரு சொல் வடமொழியிலும் வழங்குகிறது என்பதனாலேயே வடசொல் ஆகிவிடாது. ‘நாற்கரம்’ என்பதிலுள்ள கரம் கையைக் குறிக்கும் வடசொல் என ஐயுறுவார், ஈழத்தார் வழங்கும் ‘நாற்பக்கல்’ என்னும் சொல்லைக் காண்க. பலகோணத்தை அவர் ‘பல்கோணி’ என்பர். முக்கோணத்தை ‘முக்கோணி’ என்பர். வடிவுக்குக் கோணி, மூலையளவுக்குக் கோணம் என இரண்டையும் வேறுபிரித்து வைத்த நுட்பம் அங்கே உண்டு. நல்லதைக் கடலுக்கு அப்பாலிருந்தும் கொள்க. கொள்வது தமிழாக இருக்கட்டும்.

வடசொல் வேலி ஒருபக்கம் சரிய, மறுபக்கம் ஆங்கில வேலி எழுந்துவிட்டது. 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக வாயில் திறக்கப்பட்டது. இன்று தமிழ்வழி வகுப்பிலேயே ‘பாலிகன்’, ‘டிரையாங்கிள்’, ‘பென்டகன்’ எனச் சொல்வதைப் பெருமையாகக் கருதும் ஆசிரியர் உளர். அச்சொற்கள் எவருக்குப் பொருள்படும்? கிரேக்கனுக்குப் பொருள்படும். ‘பென்டே’ என்றால் அவனுக்கு ஐந்து. ‘கோனியா’ என்றால் மூலை. அவன் தன் தாய்மொழியில் ஐந்துமூலை என்றான், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆங்கிலேயன் மூன்று மூலைக்கு இலத்தீனிடம் கடன் வாங்கினான். ஐந்துக்கும் ஆறுக்கும் கிரேக்கனிடம் கடன் வாங்கினான். ஒன்பதுக்கு வந்தபோது இலத்தீன் தலையைக் கிரேக்க உடலில் ஒட்டி ‘நோனகன்’ என்றான். அந்த ஒட்டுப்போட்ட சட்டையைத்தான் உலக அறிவின் பட்டாடை எனத் தமிழ்ப்பிள்ளைக்கு அணிவிக்கின்றனர்.

மானமுள்ள மக்கள் என் செய்தனர்? செருமானியர் முக்கோணத்தை மூன்றுமூலை என்றும், அறுகோணத்தை ஆறுமூலை என்றும், பலகோணத்தைப் பலமூலை என்றும் தம் மொழியிலேயே வழங்குகின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் பிறந்த சைமன் சுடெவின் (1548–1620) என்னும் கணக்கறிஞர், கணக்கியலுக்கே ஆலந்து மொழியில் தனிச்சொல் ஆக்கினார். அம்மொழியார் இன்றும் அதனையே ஆள்கின்றனர். செருமானியர் கணக்கில் பின்தங்கினரோ? ஆலந்தார் கடலைத் தடுக்கும் கரைகளைத் தவறாக அளந்தனரோ? தாய்மொழிச் சொல் அறிவுக்குத் தடை என்பார், இவ்விரு மக்களையும் நோக்கி விடை சொல்லட்டும்.

இனி, போடிமலைச் சரிவுக்கே திரும்புக. ஏலம் பறித்து ஏலம் விடும் ஊரில் வடிவக்கணக்கு பாடநூலுக்குள் மட்டும் இல்லை. ஓர் ஏலக்காயைக் குறுக்கே அரிந்து பார்த்தால் மூன்று அறைகள். புறத்தே மழுங்கிய மூன்று முனைகள். முக்கோணத்தின் உயிருள்ள உரு அது. அந்த ஏலப்பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ. அது கட்டும் அடையில் அறை ஒவ்வொன்றும் அறுகோணம். ஏன் அறுகோணம்? ஒழுங்கான பலகோணங்களுள், இடைவெளியின்றித் தளம் முழுதும் பரப்பத்தக்கவை மூன்றே. முக்கோணத்தின் மூலை 60 பாகை. ஆறு சேர்ந்தால் 360. சதுரத்தின் மூலை 90 பாகை; நான்கு சேர்ந்தால் 360. அறுகோணத்தின் மூலை 120 பாகை. மூன்று சேர்ந்தால் 360. ஐங்கோணத்தின் மூலையோ 108 பாகை. மூன்று சேர்ந்தால் 324 ஆகி, 36 பாகை இடைவெளி விழும். பொருந்தும் மூன்றனுள், ஒரே பரப்பைக் குறைந்த சுவரால் வளைப்பது அறுகோணம். ஒத்த பரப்புடைய அறைகளாகத் தளத்தைப் பிரிக்கும் எவ்வழியினும் இதுவே சிக்கனமானது என 1999-இல் தாமசு ஏல்சு என்னும் அமெரிக்கக் கணக்கறிஞர் நிறுவினார். ஏலத்தோட்டத்துப் பிள்ளை இதனைத் தன் தமிழில் உணரத் தகாததோ?

அம்மலைச்சரிவில் நிலமெல்லாம் செவ்வகமாகக் கிடப்பதில்லை. ஓடை வளைந்த இடத்தில் வரப்பும் வளையும். பாறை நின்ற இடத்தில் எல்லை முறியும். ஐந்து மூலை, ஏழு மூலை நிலங்களே மிகுதி. அந்நிலத்தை அளப்பவர் புலப்படத்தில் மூலைக்கு மூலை கோடிழுத்து முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரித்துப் பரப்பைக் கூட்டுகின்றனர். பலகோணப் பாடத்தின் உயிர்நாடியும் அதுவே. ஏழுமூலை நிலத்தின் ஒரு மூலையிலிருந்து மற்ற மூலைகளுக்குக் கோடிழுத்தால் ஐந்து முக்கோணம். முக்கோணத்துக்கு 180 பாகையாக, உள்மூலைகளின் கூட்டு 900 பாகை. பக்க எண்ணில் இரண்டு குறைத்து 180-ஆல் பெருக்குக என்னும் நெறி இதனினும் வேறன்று. இதனை அறிந்த பிள்ளை தன் தந்தையின் புலப்படத்தைத் தானே படிக்கும். அறியாத பிள்ளையின் அரைக்குழி நிலம் அளப்பவன் கோட்டுக்குள் கரைந்துபோனாலும், அக்குடும்பம் கைநாட்டு வைத்துவிட்டு வீடு திரும்பும். சொல் பொருள்படாத கல்வியின் விலை, மதிப்பெண்ணோடு முடிவதில்லை.

ஏலம் பறித்துத் திரும்பும் தாய் பள்ளி சென்றிராதவளாக இருக்கலாம். ஆனால் மூலை அவளுக்குத் தெரியும், தெருமுக்கு தெரியும், சரிவு தெரியும், எட்டுப்பட்டைத் தூண் தெரியும். தச்சன் கையிலுள்ள மூலைமட்டத்தை அவள் கண்டிருக்கிறாள். மாலையில் மகள், “அம்மா, இன்று ஐங்கோணம் படித்தேன், ஐந்து மூலை உள்ளது” என்றால், தாய் தலையசைப்பாள், தன் வீட்டு அடுக்களையிலேயே ஒன்றைச் சுட்டியும் காட்டுவாள். “பென்டகன் படித்தேன்” என்றால், தாய் வாய்மூடுவாள். அறிவு என்பது தனக்கு எட்டாத மேட்டில் இருப்பது என அவள் நம்புவாள். அவள் மகளும் நம்புவாள். ஒரே ஒரு சொல், ஒரு தாயையும் மகளையும் இருவேறு கரையில் நிறுத்திவிடுகிறது.

ஆங்கிலம் வேண்டா என்பதன்று வழக்கு. வடிவைத் தமிழில் கண்டு, தமிழில் வகுத்து, தமிழில் மெய்ப்பித்த பிள்ளை, மேற்கல்விக்குச் செல்லுங்கால் ஆங்கிலப் பெயரை ஒரே மாலையில் கற்றுக்கொள்ளும். பொருள் விளங்காமல் பெயரை மட்டும் நெட்டுருச் செய்த பிள்ளையோ, எத்தனை மாலை கழியினும் பொருளைக் கற்காது.

தனித்தமிழ் அன்பரிடத்தும் ஒரு சொல். ‘பலகோணமா பல்கோணமா’ என மேடையில் மூன்று மணி நேரம் சொற்போரிட்டு, வகுப்பறையில் ஒரு குச்சியும் நூலும் கொண்டு அவ்வடிவைச் செய்துகாட்டாமல் விடுவதால் தமிழ் வளராது. பெயரைத் தமிழாக்கிவிட்டுப் பாடத்தை நெட்டுருவாகவே விட்டுவைத்தல், குளத்தைத் தூர்வாராமல் கரைக்கு மட்டும் வெள்ளையடித்தலை ஒக்கும். தூயசொல் வேண்டுவது தூய்மைப் பெருமைக்காக அன்று. பிள்ளையின் கண் திறப்பதற்காக. கண் திறக்காத சொல் தமிழேயாயினும் தள்ளத்தக்கது. கண் திறக்கும் சொல்லைத் தமிழில் ஆக்கும்வரை ஓய்தல் தகாது.

ஆசிரியர் செய்யவேண்டியது மிகையன்று. சொல்லைப் பிரித்துக் காட்டுக. வடிவைத் திருப்பிக் காட்டுக. எது எதனுள் அடங்கும் எனப் பிள்ளையையே சொல்லச் செய்க. பாடநூல் ஆக்குவோர் செய்யவேண்டியதும் மிகையன்று. ஒன்பதாம் படியிலும் பத்தாம் படியிலும் நிற்கும் வடசொல் முட்டுக்கட்டையை அகற்றுக, வகையைத் தலைகீழாக்கும் ‘சாய்சதுர’த்தை மாற்றுக, ஈழத்தார், தமிழ்நாட்டார், கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளியார் அனைவரும் ஒரே வடிவுக்கு ஒரே பெயர் வழங்க ஓர் அவையில் அமர்க.

மலையேறினால் மாறும் சொல் தமிழர்க்கு வேண்டா. போடியிலும் பூப்பாறையிலும், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும், எங்கே ஏறி இறங்கினும் பொருள் மாறாது நிற்கும் சொல்லே வேண்டும். அச்சொல்லைத் தரும் வேர் தமிழில் உண்டு. தோண்டத்தான் கைகள் இல்லை. கைகள் எழுக!